இடது முன்சக்கரம்

டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்து வந்த ஜீப்பைப் பின்வாசலில் விட்டுவிட்டு ஆட்கள் போனபோது, மாமியார் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த போர்வையை உதறாமல் அப்படியே நின்றாள்.

"இது என் மகன் காலை உடைச்ச வண்டில்ல?"

"ஆமா அத்தை."

"இதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்த? மிச்சம் இருக்கிற காலையும் உடைக்கவா?"

மருமகள் வண்டியின் முன்பக்கம் குனிந்து, இடது சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. பதினைந்து மாதமாக அது அசைந்ததில்லை. தெருமுனையிலிருந்து இங்கு வரை மண்ணில் ஒரே கோடாக இழுபட்டுத்தான் வந்திருந்தது.

பட்டறையில் அவளை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். மலைமேல் போகும் மின்கம்பிகளைப் பராமரிக்கிற நிறுவனம் அது. கோபுரங்களுக்கு ஆட்களையும் கம்பிச் சுருள்களையும் ஏற்றிப் போக ஐந்து பழைய ஜீப்புகள் வைத்திருந்தார்கள். அவற்றைக் கவனிக்கிற பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்த ஒரே பெண் அவள். அவள் கணவன் அங்கேயே டிரைவர். அவன் ஓட்டிய ஜீப்புக்கு கிடா என்று பெயர். எந்த ஏற்றத்தையும் முட்டி ஏறிவிடும். "ஸ்பேனர் பார்க்காத வண்டில நான் ஏற மாட்டேன்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததில்தான் அவர்கள் கல்யாணமே நடந்தது.

விபத்துக்கு முந்தின மாதம் கிடாவின் முன் அச்சை முழுக்கப் பிரித்துச் சேர்த்தவள் அவள்தான். இரண்டு பக்கமும் புது பேரிங், புது சீல், எல்லாமே புதிது. அதிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்கும் வளைவில் இடது முன்சக்கரம் திடீரென்று இறுகிக்கொண்டது. வண்டி அந்தப் பக்கம் இழுத்துப் பள்ளத்தில் உருண்டது. வண்டியில் வேறு யாரும் இல்லை. அவனுடைய வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

விசாரணை என்று மூன்று பேர் வந்தார்கள். பதிவேட்டைப் புரட்டினார்கள். முன் அச்சு வேலைக்கு நேரே அவள் கையெழுத்து இருந்தது. "பேரிங் சரியாகப் பொருத்தப்படாததால் சக்கரம் இறுகியது. மெக்கானிக்கின் கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் இரண்டு வரி எழுதிவிட்டு, பக்கோடா சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சக்கரத்தைத் திறந்து பாருங்கள் என்று அவள் மூன்று தடவை கேட்டாள். "திறந்து என்னத்தம்மா பார்க்கிறது, இறுகினதுதான் கண்ணுக்குத் தெரியுதே" என்றார் பட்டறையின் ஃபோர்மேன். மறுவாரம் அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நான்கு மாதம் கழித்து, நொண்டிக்கொண்டு வந்த கணவனுக்கு கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை கொடுத்தார்கள்.

அதன்பிறகு எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்கவில்லை. "சொந்தப் புருஷனையே கவுத்தவ, நம்ம வண்டியை விடுவாளா" என்று ஒருத்தன் அவள் காதுபடவே சொல்லிச் சிரித்தான். வீட்டிலிருந்தபடி தண்ணீர் மோட்டார்களும் தையல் மெஷின்களும் பழுது பார்த்தாள். மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "என் மகன் காலை உடைச்சவ கையால சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், எல்லாம் நேரம்" என்று சொன்னாள்.

இதையெல்லாம்கூட ஸ்பேனர் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது கணவனின் பெருந்தன்மைதான். அவன் ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை. "விடு, வேணும்னா செஞ்ச? தப்பு யாருக்கும் நடக்கும்" என்பான். பார்க்க வருகிறவர்கள் முன்னால் அவள் தோளில் கைவைத்து, "பாவம், அவளும் மனுஷிதானே" என்பான். அவர்கள் கண் கலங்குவார்கள். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பாள்.

தேய்க்கிறபோதெல்லாம் கை தானாக அந்த வேலையைத் திரும்பச் செய்து பார்க்கும். பெரிய நட்டை இறுக்கு. சக்கரத்தைச் சுற்றிவிடு. கொஞ்சம் தளர்த்து. மறுபடி அளவாக இறுக்கு. மேலே, நட் நகராமல் பிடிக்கும் பூட்டு வாஷரைப் போடு. அதன்மேல் இரண்டாவது நட். வாஷரின் காதை மடக்கு. செய்தேனா? செய்தேன். இடது பக்கமும் செய்தேனா? அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வரும். பதினைந்து மாதத்தில் அந்தச் சந்தேகம் அவளை அரித்துப் பாதியாக்கிவிட்டது.

அதனால்தான் பழைய இரும்புக்கு எடை போட இருந்த கிடாவை அவள் ஏலத்தில் எடுத்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவன் வண்டியைப் பார்த்ததும் பின்வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"எதுக்கு இந்தப் பீத்த வண்டி?"

"பிரிச்சுப் பார்க்கப் போறேன்."

"பார்த்து?"

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சுக்கணும்ங்க."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நான்தான் எப்பவோ விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

"நீங்க விட்டுட்டீங்க. நான் விடல."

அவன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனான். இரவு சாப்பிடும்போது, இரும்பு விலை நன்றாக இருக்கிறதாம், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான். மறுநாள் காலையிலும் அதையே சொன்னான்.

அவள் வலது பக்கத்தை முதலில் எடுத்தாள். அந்தப் பக்கம் சக்கரம் சுற்றியது. தன் வேலை எப்படி இருந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அச்சுக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்தாள். சக்கரத்தைக் கழற்றினாள். நடுவிலிருந்த மூடியின் ஆறு நட்டுகளையும் எடுத்துவிட்டுச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டியதும் மூடி கழன்று வந்தது. உள்ளே கசிவைத் தடுக்க அவள் வெட்டிப் போட்ட காகித கேஸ்கெட் கிரீஸில் ஊறி அப்படியே இருந்தது. பூட்டு வாஷரின் ஒரு காது உள்ளேயும் ஒரு காது வெளியேயும் மடங்கியிருந்தது. அவள் மடக்குகிற மாதிரியேதான். தண்ணீர்க் குழாய்த் துண்டில் பல் வெட்டி அவளே பற்றவைத்துச் செய்த சாக்கெட்டைப் போட்டு நட்டுகளைக் கழற்றினாள். பேரிங்குகள் புதிதுபோல வழுக்கிக்கொண்டு வந்தன. கிரீஸ் நிறம்கூட மாறவில்லை.

அவள் கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த பேரிங்கைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். மாமியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "என்ன, கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல அத்தை."

"அப்ப அந்தப் பக்கம் இருக்கும்" என்றாள் மாமியார், ஆறுதல் சொல்கிற மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவன் வீட்டில் இருந்தான். அவள் இடது பக்கத்தில் கைவைத்ததும் அவன் பின்வாசற்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். பேப்பரை விரித்தான். பக்கத்தைத் திருப்பவில்லை.

மூடி வரவில்லை. எவ்வளவு தட்டியும் ஒட்டிக்கொண்டு நின்றது. உளியை விளிம்பில் வைத்து நெம்பியபோது மூடியோடு சேர்ந்து சிவப்பாக ஏதோ இழுபட்டது. அவள் விரலால் தொட்டாள். ரப்பர் மாதிரி காய்ந்த சிவப்புப் பசை. டியூபில் வருகிற பசை. காகித கேஸ்கெட் இருந்த இடத்தில் அதன் கிழிசல்கள் மட்டும் இருந்தன.

அவள் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் பசை போட்டதில்லை. பட்டறையிலேயே அது கிடையாது.

விளக்கை உள்ளே பிடித்தாள். வெளி நட்டின் நான்கு பள்ளங்களும் உளி வைத்து அடித்ததில் கடிபட்டுக் கிடந்தன. அவளுடைய சாக்கெட் அதில் உட்காரவே இல்லை. அவளும் உளியால் அடித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அதற்கடியில் பூட்டு வாஷர் இல்லை. காது அறுந்த ஒரு துண்டு மட்டும் கிரீஸுக்குள் கிடந்தது. அந்த கிரீஸும் கிரீஸாக இல்லை. பால் ஊற்றிக் கலக்கியதுபோல வெளுத்து, விரல்களுக்கிடையில் தேய்த்தால் நறநறத்தது. மணல்.

"யாரோ இதைத் திறந்திருக்காங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

படியில் பேப்பர் சரசரத்தது.

"வண்டி தண்ணிக்குள்ள போயிருக்கு. தண்ணி உள்ள இறங்கியிருக்கு. அப்புறம் யாரோ திறந்து, உளியை வச்சு அடிச்சே இறுக்கியிருக்காங்க. இவ்வளவு இறுக்கினா பேரிங் வெந்து ஒட்டாம என்ன பண்ணும்?"

"விசாரணைக்கு வந்தவங்க திறந்திருப்பாங்க" என்றான் கணவன்.

"அவங்க கையில கிரீஸே படல. நான் அங்கேயேதான நின்னேன்."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சிவப்புப் பசையை விளிம்பிலிருந்து உரித்தாள். ஒரு நீளத் துண்டாக வந்தது. எங்கேயோ பார்த்த சிவப்பு. எழுந்து, அவனைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். குளியலறைக் குழாய் சுவரில் சேருகிற இடத்தில் ஒரு சிவப்பு வளையம் இருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் குழாய் ஒழுகியபோது அவன் தானே சரிசெய்தான். பிளம்பரைக் கூப்பிடாமல் முடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கையிலிருந்த துண்டைக் குழாயோடு வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது பேப்பர் அவன் மடியிலிருந்து விழுந்து கிடந்தது.

"நீயா?" என்றாள்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவனை அவள் நீங்க என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவன் அழ ஆரம்பித்தான். அவள் காத்திருந்தாள். அழுகை நிற்கிற மாதிரித் தெரியாததால், "அழுதுகிட்டே சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். பாலத்துக்குச் சுற்றிப் போக நேரமில்லை என்று, விபத்துக்குச் சில நாள் முன்னால் வண்டியை ஓடையில் இறக்கியிருக்கிறான். தண்ணீர் பானெட்வரை ஏறிவிட்டது. இரண்டு நாளில் இடது சக்கரம் முனக ஆரம்பித்தது.

"உன்கிட்ட சொன்னா திட்டுவ. ஓடையில இறக்கக் கூடாதுன்னு ஆர்டரே இருக்கு, ஃபோர்மேன்கிட்ட சொன்னா மெமோ. அதான் மேல கோபுரத்துக்கிட்ட வண்டியை நிறுத்தி நானே திறந்தேன். நட்டு லூஸா இருக்கிறதாலதான் சத்தம்னு நினைச்சேன்."

"பூட்டு வாஷர்?"

"கழட்டும்போது அறுந்துபோச்சு."

"அறுந்தா?"

"ரெண்டு நட்டும் இறுக்கமா இருந்தா போதும்னு நினைச்சேன்."

"உனக்கு என்ன தெரியும்னு நினைச்ச? டயர்ல காத்தடிக்கக்கூட என்னைக் கூப்பிடுவியே."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆஸ்பத்திரியிலயே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவங்க வந்து எழுதிட்டாங்க. அப்புறம் உன்னை நிறுத்திட்டாங்க. நானும் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லாம போயிடுமேன்னு..."

"அதெல்லாம் சரி" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "வேலைக்குப் பயந்த. மெமோவுக்குப் பயந்த. அது எனக்குப் புரியுது. ஆனா நீ என்னை மன்னிச்சியே. அது எதுக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? ஒரு வருஷமா என் தோள்மேல கையை வச்சு, பாவம் மனுஷிதானேன்னு ஊர்ல இருக்கிறவங்ககிட்டயெல்லாம் சொன்னியே. நான் உனக்குக் கால் அமுக்கிவிட்டேன். நான் செஞ்ச பாவம்னு நினைச்சு அமுக்கிவிட்டேன். அப்பக்கூட உனக்கு வாய் வரலையா? தப்பு யாருக்கும் நடக்கும்னு சொல்லிக்கிட்டே காலை நீட்டின."

கீழே கிடந்த உளியை எடுத்தாள். அவள் அதை ஜீப்பின் முன்பக்க பம்பரில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். பெயின்ட் சில்லு சில்லாகத் தெறித்தது. ஏழெட்டு அடிக்குப் பிறகு உளி கையிலிருந்து நழுவி விழுந்தது.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அவன் கெஞ்சிப் பார்த்தான். இப்போது சொன்னால் கேட் வேலை போய்விடும், இந்தக் காலோடு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்றான். "தெரிஞ்சுபோச்சுல்ல, நமக்குள்ள இருக்கட்டும். உன்மேல தப்பில்லன்னு நான் ஒத்துக்கிட்டேன்ல" என்றான்.

"என்கிட்ட ஒத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்? என்மேல தப்பில்லன்னு எனக்கு இப்ப தெரியும்" என்றாள். "வண்டி ரெடியானதும் இதுலயே ஆபீசுக்குப் போறோம். அங்க வந்து சொல்லு."

"வண்டியை எதுக்கு ரெடி பண்ணணும்? பஸ்ல போயிடலாமே."

"நான் சேர்த்த அச்சு ஓடும்னு அவங்க பார்க்கணும்."

வேலைக்குப் பதினெட்டு நாள் ஆனது. உள் பேரிங்கின் வளையம் வெந்து நீலம் பாரித்து, அச்சு முனையோடு ஒட்டிப்போயிருந்தது. கிரைண்டரில் அறுத்து, உளியால் பிளந்துதான் எடுக்க முடிந்தது. முனையும் கெட்டுப்போயிருந்ததால் பழைய இரும்புக் கடைகளில் நான்கு நாள் அலைந்து வேறொன்று தேடினாள். மற்ற எல்லாவற்றையும் டீசலில் கழுவினாள். ஒவ்வொரு பேரிங்கையும் உள்ளங்கையில் வைத்து, மறுபக்கம் பிதுங்கும்வரை கிரீஸைத் திணித்தாள். சும்மா கிடந்த எஞ்சினையும் பிரேக்கையும் சரிசெய்து ஓடவைத்தாள். அந்தப் பதினெட்டு நாளும் கணவனோடு பேசவில்லை. அவன் வேலைக்குப் போனான், வந்தான், தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டான். ஒரு தடவை ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கி வைத்தான். அவள் பார்த்துவிட்டு, அத்தனையையும் கலைத்துத் திரும்பத் தானே அடுக்கினாள்.

ஐந்தாம் நாள் மாமியார் டீ கொண்டுவந்து மரக்கட்டைமேல் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"நான் ஊரெல்லாம் சொன்னேன்ல, நீதான் அவன் காலை உடைச்சேன்னு."

"சொன்னீங்க."

"அதுக்கு இப்ப என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேணாம் அத்தை. இதைக் கொஞ்சம் பிடிங்க."

சக்கரம் இடவலமாகத் திரும்புகிற முட்டியில், மேலும் கீழும் இரண்டு சின்ன பேரிங்குகள் உண்டு. அந்த முட்டி எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்று அளந்து, காகிதம்போல மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு தொங்குத் தராசைக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். ஒருத்தர் இழுத்தால் இன்னொருத்தர் முள்ளைப் படிக்க வேண்டும். மாமியார் கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"நாலு" என்றாள். "நாலரை. நாலரைதான்."

"பத்தாது." ஸ்பேனர் மூடியைத் திறந்து ஒரு தகட்டை உருவினாள். "இப்ப?"

"அஞ்சே முக்கால். ஆறு. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யணுமா?"

"செய்யணும் அத்தை."

"இதையா அவன் உளியால அடிச்சான்?" என்று மாமியார் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், "சின்ன வயசுலயும் அப்படித்தான். ரேடியோ பாடலன்னா தலையில ஒண்ணு போடுவான்" என்றாள். ஸ்பேனருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுக்கு அப்போது சிரிக்க விருப்பமில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை, கூரை நசுங்கிய கிடாவை அவள் தெருவில் இறக்கினாள். கணவன் சீருடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பின் இருக்கையில் ஒரு தகரத் தட்டில், துணியால் மூடி, வெந்த வளையமும் கடிபட்ட நட்டுகளும் வாஷர் துண்டும் சிவப்புப் பசையோடு மூடியும் இருந்தன. ஸ்டீயரிங் நேராக நின்றது. கையை எடுத்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. மலைப்பாதையில் ஏறி, விபத்து நடந்த அந்த வளைவில் இறங்கித்தான் அவள் ஆபீசுக்குப் போனாள். வளைவில் கணவன் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தான். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஃபோர்மேன் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தார். தட்டை அவர் மேஜைமேல் வைத்துத் துணியை எடுத்தாள். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடம் இதே வேலை பார்த்தவர். நட்டை எடுத்து, கடிபட்ட பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"இது நீ போட்டது இல்ல" என்றார் மெதுவாக.

"அன்னைக்கே திறந்து பாருங்கன்னு சொன்னேன் சார்."

"முடிஞ்சுபோன விஷயம்மா. நான் ரிட்டயராக இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்ப இதைக் கிளறினா நான் ஏன் திறக்கலைன்னு கேட்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். ஆள் பத்தலைன்னு எழுதி உன்னைத் திரும்ப எடுத்துக்கிறேன். அந்தப் பழைய பேப்பர் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"அது பாட்டுக்குக் கிடக்கலையே சார். என்மேலதான கிடக்கு. அதை முதல்ல எடுங்க."

"பொறுமையா யோசிம்மா, உன் புருஷன் வேலையும்..."

"பதினஞ்சு மாசம் பொறுமையாத்தான் மோட்டார் காயில் சுத்திக்கிட்டு இருந்தேன். நீங்க அந்தச் சக்கரத்தைத் திறக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அரை மணி நேரம் சார்."

ஃபோர்மேன் அவளைப் பார்க்க முடியாமல் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்கு மாடி ஏறினாள். கணவன் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் வந்தான். அவள் அவனுக்காக நிற்கவும் இல்லை, அவனை விட்டுவிட்டு உள்ளே போகவும் இல்லை. கதவுக்கு வெளியே தட்டோடு காத்திருந்தாள்.

மேலாளர் புதிதாக வந்தவர். பழைய கதை எதுவும் தெரியாது. "என்ன இது?" என்று தட்டைக் காட்டிக் கேட்டார்.

ஸ்பேனர் கணவனைப் பார்த்தாள்.

"அந்த ஆக்சிடென்ட்ல ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு சார்" என்று அவன் ஆரம்பித்தான். "பேரிங்ல தண்ணி போயிருந்திருக்கு..."

"யார் போக விட்டதுன்னு சொல்லு" என்றாள்.

"நான்தான் சார். ஓடையில இறக்கினேன்." நிறுத்தினான்.

"திறந்தது?"

"நான்தான்."

"இறுக்கினது?"

"நான்தான். உளியை வச்சு." அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இவ செஞ்ச வேலையில தப்பில்ல சார். தெரிஞ்சுதான் நான் சொல்லாம இருந்தேன்."

மேலாளர் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவன் முன்னால் தள்ளினார். அவன் எழுதியதை ஸ்பேனர் நின்றபடி படித்தாள். "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற வரியில் விரல் வைத்தாள். அவன் அதை அடித்துவிட்டு, "தெரிந்தே மறைத்தேன்" என்று எழுதினான்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பழைய அறிக்கை ரத்து செய்யப்பட்டது. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருந்ததை அடித்து, ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டார். அவளை அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். கணவனைக் கேட் வேலையிலிருந்து நீக்கினார்கள். கடிதத்தை மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்ட மாமியார், "கேட்டுல நம்பர் எழுதத்தான் போன, அதையாவது ஒழுங்கா எழுதினியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்பேனர் வேலைக்குப் போனாள். முதல் நாள் யாரோ அவள் மேஜைமேல் இனிப்புப் பொட்டலம் வைத்திருந்தார்கள். அவள் அதைத் திறக்காமல் ஜன்னல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். பதினைந்து மாதமாக எங்கே போயிருந்தது இந்த இனிப்பு என்று தோன்றியது. கேலி பேசினவர்களில் இரண்டு பேர் வந்து, எங்களுக்கு அப்பவே சந்தேகம் இருந்தது என்றார்கள். அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. இப்போது எல்லோருக்கும் எல்லாம் அப்பவே தெரிந்திருந்தது.

கோபம் போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கையெழுத்து விழுந்த அன்று ஒரு நாள் லேசாக இருந்தது. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே அது திரும்ப வந்துவிட்டது.

கணவன் இப்போது வீட்டில் சமைத்தான். துணி துவைத்தான். அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. தண்ணீர் வந்ததா, டாக்டரிடம் எப்போது போக வேண்டும், இந்த மாதிரி. பிசியோதெரபிக்கு அவளே ஜீப்பில் கூட்டிப்போய், கூட்டி வந்தாள். ஆனால் கால் அமுக்கிவிடவில்லை. நீ என்று ஆரம்பித்தது நீங்க என்று திரும்பவும் இல்லை.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் அவன் கேட்டான்.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு இப்படி?"

"எனக்குத் தெரியாது."

"நான் என்ன பண்ணணும்னு சொல்லு. பண்றேன்."

"பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீ சும்மா இரு. எனக்குக் கோபம் இருக்கு, அது இருக்கட்டும். அது போயிடுச்சா போயிடுச்சான்னு தினமும் கேட்காத."

"போகலைன்னா?"

அவள் யோசித்தாள். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கியரை மாற்றி அதைத் தாண்டினாள்.

"போகலைன்னா அப்ப பார்க்கலாம்" என்றாள். "அந்தக் கதவைச் சரியா சாத்து. ஆடுது."

அவன் கதவைத் திறந்து மறுபடி இழுத்துச் சாத்தினான்.